டிஎன்ஏ சிப்பும் மெமரி சிப்பும்: பேட்டன்ட் ஆவணத்தைப் படிக்கப் பழகுவது எப்படி?

பேட்டன்ட் ஆவணத்தை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். கடைசியில் இருக்கும் க்ளெய்ம் பகுதிக்கு நேராகப் போங்கள். என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்கிறேன். தலைப்பு, சுருக்கம், படங்கள், பின்னணி விளக்கம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். ஆனால் கண்டுபிடித்தவருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமை எதுவரை என்பது க்ளெய்மில் எழுதியிருக்கும் சில வாக்கியங்களில்தான் தெரியும்.

நான் சென்னையில் பேட்டன்ட் தேடல் வேலை செய்கிறேன். படித்தது எலக்ட்ரானிக்ஸ். மரபணு சோதனை பற்றிய பேட்டன்ட்களைப் படிக்க வேலைக்கு வந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு ஆவணங்களைச் சேர்த்துக் கொடுத்துத்தான் தொடங்குவேன். ஒன்று, இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் கண்டுபிடித்த ஈப்ராம் (புறஊதா ஒளியால் அழித்து மறுபடி எழுதக்கூடிய) மெமரிக்கு அடிப்படையான அமெரிக்கக் காப்புரிமை எண் 3,660,819. இன்னொன்று, மரபணுவின் எழுத்து வரிசையைச் சோதிக்க உதவும் டிஎன்ஏ சிப்புக்கான 5,445,934. இரண்டும் கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எண்ணைத் தட்டினால் போதும், பிடிஎஃப் இறங்கிவிடும். முதல் பக்கத்தையும் க்ளெய்ம் பக்கங்களையும் மட்டும் காகிதத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பென்சிலும் வேண்டும்.

இந்த இரண்டையும் ஏன் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன் என்றால், இரண்டுக்கும் அடியில் ஓடுகிற எண்ணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு சின்னப் பரப்பில் ஆயிரக்கணக்கான இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் முகவரி. எந்த முகவரியில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும். அப்புறம், இரண்டிலும் வேலை செய்வது ஒளி.

ஈப்ராமில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியான கேட்டின் இணைப்பு அறுந்துபோன பழுதான சிப்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோதுதான் ஃப்ரோமனுக்கு இந்த யோசனை வந்தது. டிரான்சிஸ்டரின் கேட் எதனுடனும் இணைக்கப்படாமல், சுற்றிலும் சிலிக்கன் டையாக்சைடு சூழ அந்தரத்தில் இருந்தால், அதற்குள் போன எலக்ட்ரான் வெளியே வர வழியில்லை. இப்படி அந்தரத்தில் இருப்பதுதான் மிதக்கும் கேட். மின்னழுத்தம் கொடுத்து எலக்ட்ரான்களை உள்ளே தள்ளினால் அது ஒரு பதிவு. மின்சாரத்தை நிறுத்தினாலும் அப்படியே நிற்கும். அழிக்க வேண்டுமென்றால் புறஊதா ஒளியைக் காட்ட வேண்டும். ஒளி கொடுக்கும் ஆற்றலால் எலக்ட்ரான்கள் அந்த ஆக்சைடு தடையைத் தாண்டி வெளியேறிவிடும். பழைய ஈப்ராம் சிப்பின் நடுவில் கண்ணாடி போல ஒரு ஜன்னலைப் பார்த்திருப்பீர்கள். அது குவார்ட்ஸ், சாதாரணக் கண்ணாடி 253.7 நானோமீட்டர் ஒளியை விடாது என்பதால் அதை வைத்தார்கள். பதிவு செய்த பிறகு அதன்மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவைப்பதும் இதனால்தான். இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது 1971இல் வெளியான இன்டெல் 1702. மொத்தம் 2,048 பிட்.

டிஎன்ஏ சிப்பில் ஒளி எதிர்த்திசையில் வேலை செய்கிறது. அங்கே அழிப்பதற்கு அல்ல, கட்டுவதற்கு. கண்ணாடித் தகட்டின்மேல் சிறு மூலக்கூறுகள் நட்டிருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒளி பட்டால் கழன்றுவிடும் மூடி ஒன்று இருக்கும். மாஸ்க் (ஒளியைச் சில இடங்களில் மட்டும் விடும் மறைப்பு) வைத்துச் சில இடங்களில் மட்டும் ஒளி விழச் செய்கிறார்கள். அந்த இடங்களில் மூடி கழலும். பிறகு டிஎன்ஏவின் ஏ, டி, ஜி, சி ஆகிய நான்கு எழுத்துகளில் ஒன்றைத் தகடு முழுவதும் ஊற்றினால், மூடி கழன்ற இடத்தில் மட்டும் ஒட்டும். ஊற்றிய எழுத்தின் நுனியிலும் ஒரு மூடி உண்டு. மறுபடி மாஸ்க், மறுபடி ஒளி. 25 எழுத்து நீளமுள்ள இழைகள் வேண்டுமென்றால் எழுத்துக்கு நான்கு சுற்று வீதம் அதிகபட்சம் 100 சுற்று. தகட்டில் ஆயிரம் வகை இழை இருந்தாலும், லட்சம் வகை இருந்தாலும் அதே 100 சுற்றுதான். ஒளியால் வடிவம் பதித்து மெமரி சிப் செய்யும் ஃபோட்டோலித்தோகிராஃபியை அப்படியே வேதியியலுக்குக் கொண்டுவந்த இந்த இடம் எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டுகிறது. ஸ்டீபன் ஃபோடோரும் அவருடைய சகாக்களும் 1991 பிப்ரவரியில் சயன்ஸ் இதழில் இதை வெளியிட்டார்கள்.

சரி, ஆவணத்துக்கு வருவோம்.

முதல் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்கள்

பேட்டன்ட் எந்த மொழியில் இருந்தாலும் முதல் பக்கத்தில் ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் ஓர் எண் இருக்கும். (54) என்றால் தலைப்பு. (22) விண்ணப்பித்த நாள். (45) அளிக்கப்பட்ட நாள். (73) உரிமையாளர். (56) பரிசீலித்த பழைய ஆவணங்கள். (57) சுருக்கம். ஜப்பானிய ஆவணமாக இருந்தாலும், கொரிய ஆவணமாக இருந்தாலும் இந்த எண்கள் மாறாது. மொழி தெரியாமலேயே நாளையும் உரிமையாளரையும் எடுத்துவிடலாம்.

இதில் இரண்டு இடங்களில் உஷாராக இருக்க வேண்டும். ஒன்று, (73). டிஎன்ஏ சிப் என்றாலே எல்லாரும் அஃபிமெட்ரிக்ஸ் என்பார்கள். ஆனால் அந்தக் குடும்பத்தின் (ஒரே கண்டுபிடிப்பிலிருந்து கிளைத்த காப்புரிமைகளைக் குடும்பம் என்போம்) முதல் காப்புரிமையான 5,143,854இன் முதல் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்காது. அஃபிமாக்ஸ் டெக்னாலஜீஸ் என்றுதான் இருக்கும். அஃபிமெட்ரிக்ஸ் அதிலிருந்து பின்னால் பிரிந்து வந்த நிறுவனம். 2016இல் தெர்மோ ஃபிஷர் அதை வாங்கிவிட்டது. நிறுவனப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் அடிப்படையான ஆவணமே தவறிப்போகும்.

இன்னொன்று தலைப்பு. அதே 5,143,854இன் தலைப்பு பேசுவது பாலிபெப்டைடுகளை, அதாவது புரதச் சங்கிலிகளைப் பற்றி. டிஎன்ஏ என்ற சொல்லே தலைப்பில் கிடையாது. ஃபிளாஷ் மெமரியைக் கண்டுபிடித்த ஃபுஜியோ மசுவோகாவின் காப்புரிமை 4,531,203க்குத் தலைப்பு ‘செமிகண்டக்டர் மெமரி சாதனமும் அதைத் தயாரிக்கும் முறையும்’ என்ற பொருளில் இருக்கிறது. அதைப் பார்த்து ஃபிளாஷ் என்று யாருக்குத் தோன்றும்? ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய ப்ராம் மெமரியை 1956இல் உருவாக்கிய வென் சிங் சௌவின் காப்புரிமை 3,028,659. அட்லஸ் ஏவுகணையின் கணினிக்காகச் செய்த வேலை அது. சில ஆண்டுகள் ரகசியமாகவே வைத்திருந்து 1962இல்தான் வெளியே வந்தது. ப்ராம் என்ற சொல்லை அதில் தேடிப் பயனில்லை. கண்டுபிடிக்கும்போது அந்தப் பொருளுக்கு ஊரறிந்த பெயர் இருக்காது, அவ்வளவுதான்.

க்ளெய்மை உடைப்பது

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாமல் செய்யுங்கள்.

5,445,934இன் முதல் க்ளெய்மை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வாக்கியம்தான். க்ளெய்ம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒரே வாக்கியமாகத்தான் எழுதுவார்கள், அது மரபு. பென்சிலால் ஒவ்வொரு நிபந்தனை முடியும் இடத்திலும் சாய்கோடு போடுங்கள். இப்படித் துண்டுகள் கிடைக்கும்: பரப்புடைய ஒரு தகடு / அதன்மேல் ஆயிரமோ அதற்கு மேலோ ஒலிகோநியூக்ளியோடைடு (குட்டையான டிஎன்ஏ இழை) தொகுதிகள் / ஒவ்வொன்றின் எழுத்து வரிசையும் வேறு வேறாகவும் தெரிந்ததாகவும் இருக்க வேண்டும் / பரப்புடன் கோவேலன்ட் பிணைப்பால் (எலக்ட்ரான்களைப் பகிரும் உறுதியான வேதிப் பிணைப்பு) ஒட்டியிருக்க வேண்டும் / தனித்தனியான, தெரிந்த இடங்களில் இருக்க வேண்டும் / எல்லாம் சேர்ந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவான இடத்தில் அடங்க வேண்டும்.

ஆறு துண்டு. ஒரு பொருள் இந்த க்ளெய்முக்குள் நேரடியாக விழ வேண்டுமென்றால் ஆறும் அதில் இருக்க வேண்டும். ஐந்து இருந்து ஒன்று இல்லையென்றால் நேரடி மீறல் இல்லை. ஆறோடு ஏழாவதாக இன்னொன்று சேர்ந்திருந்தால்? அப்போதும் உள்ளேதான். ஏனென்றால் பெரும்பாலான க்ளெய்ம்கள் ‘காம்ப்ரைசிங்’ என்ற வகைச் சொல்லோடு எழுதப்படுகின்றன. ‘இவையெல்லாம் உண்டு, வேறு எதுவும்கூட இருக்கலாம்’ என்பது அதன் சட்டப் பொருள். நான் கூடுதலாக ஒன்றைச் சேர்த்துவிட்டேன், அதனால் தப்பித்தேன் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அப்படித் தப்ப முடியாது. ஒன்றைக் குறைத்தால்தான் வழி உண்டு.

இப்போது நோட்டில் ஒரு கட்டம் போடுங்கள். இடது பக்கம் ஆறு துண்டுகள். வலது பக்கம் நீங்கள் சோதிக்கும் பொருள். உதாரணத்துக்கு, பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்குக் காரணமான மரபணுப் பிழைகளைக் கண்டுபிடிக்க ஒரு மாணவர் கண்ணாடித் தகட்டில் 400 புள்ளிகள் வைத்த சிப் ஒன்றைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தகடு இருக்கிறது, டிக். எழுத்து வரிசை தெரிந்தது, டிக். கோவேலன்ட் பிணைப்பு, அவருடைய செய்முறையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டாவது துண்டில் ஆயிரம் கேட்கிறது, இவரிடம் 400. அங்கேயே க்ளெய்முக்கு வெளியே வந்துவிட்டார். மீதித் துண்டுகளைச் சோதித்து முடித்துவிடுங்கள், ஆனால் விடை இரண்டாவது வரியில் கிடைத்துவிட்டது.

இன்னும் கொஞ்சம் கடினமான பயிற்சி வேண்டுமா? இலுமினா நிறுவனத்தின் பீட் சிப்பை அதே கட்டத்தில் வைத்துப் பாருங்கள். டேவிட் வால்ட் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்விலிருந்து வந்தது அது. இழைகள் ஒட்டிய மிகச் சிறிய மணிகளைக் குழிகளின்மேல் விடுகிறார்கள். எந்த மணி எந்தக் குழியில் விழும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. விழுந்த பிறகு ஒவ்வொரு மணியையும் அடையாளம் கண்டு வரைபடம் தயாரிக்கிறார்கள். ‘தெரிந்த இடங்களில்’ என்ற துண்டு இதற்குப் பொருந்துமா? எப்போது தெரிந்திருக்க வேண்டும், செய்யும்போதா, பயன்படுத்தும்போதா? க்ளெய்மில் விடை இல்லையென்றால்தான் ஆவணத்தின் உடலான விளக்கப் பகுதிக்குப் போக வேண்டும். விளக்கப் பகுதியில் அந்தச் சொல்லுக்கு எப்படி வரையறை கொடுத்திருக்கிறார்கள் என்று தேட வேண்டும். விளக்கத்தைப் படிக்கச் சரியான நேரம் இதுதான். கேள்வியோடு போனால் ஐம்பது பக்கமும் பத்து நிமிடத்தில் பேசத் தொடங்கும். (அஃபிமெட்ரிக்ஸ் தன்னுடைய வேறு சில காப்புரிமைகளை வைத்து 2004இல் இலுமினாமீது வழக்குப் போட்டது. 2008 ஜனவரியில் 9 கோடி டாலர் கொடுத்து இலுமினா சமரசம் செய்துகொண்டது. ஒரு க்ளெய்மில் இருக்கும் சொற்களுக்கு எவ்வளவு எடை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.)

3,660,819க்கும் இதே வேலையைச் செய்யுங்கள். மிதக்கும் கேட், அதைச் சூழ்ந்த மின்கடத்தாப் பொருள் என்று துண்டுகள் பிரிந்து வரும். பிறகு 1967இல் பெல் ஆய்வகத்தில் கானும் சீயும் வெளியிட்ட மிதக்கும் கேட் வேலையையும், கானின் காப்புரிமை 3,500,142ஐயும் பக்கத்தில் வையுங்கள். மிதக்கும் கேட் என்ற எண்ணம் ஃப்ரோமனுக்கு முன்பே இருந்தது. அப்படியென்றால் அவருடைய புதுமை எந்தத் துண்டில் இருக்கிறது? எலக்ட்ரான்களை உள்ளே அனுப்பும் முறையில், அதாவது டிரான்சிஸ்டரின் பி-என் சந்திப்பில் அவலான்ச் நிலையை (உயர் மின்னழுத்தத்தில் எலக்ட்ரான்கள் பெருகிப் பாய்வது) உண்டாக்கி அனுப்புவதில். ஒரு கண்டுபிடிப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் புதிய துண்டு சின்னதாகத்தான் இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பேட்டன்டைப் படித்துவிட்டீர்கள்.

எந்தக் கேள்வியோடு படிக்கிறீர்கள்?

இறுதியாண்டு புராஜெக்ட் மாணவர்கள் வந்து, “சார், இந்த ஐடியா ஏற்கெனவே இருக்கா?” என்று கேட்பார்கள். சிறு நிறுவனத்துக்காரர் வந்து, “இதைச் செய்து விற்றால் வழக்கு வருமா?” என்று கேட்பார். இரண்டும் வேறு கேள்விகள். இரண்டாவது கேள்விக்கு உயிரோடு இருக்கும் பேட்டன்ட்களின் க்ளெய்ம் மட்டும் போதும். முதல் கேள்விக்கு ஆவணம் முழுவதும் வேண்டும். விளக்கத்தில் ஒரு மூலையில், க்ளெய்மில் கேட்காமல் விட்ட ஒரு வரியில் உங்கள் யோசனை இருந்தாலும் அது பழையதாகிவிடும். காலாவதியான பேட்டன்ட், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம், மாநாட்டுக் கட்டுரை எல்லாமே உங்கள் புதுமைக்கு எதிராக நிற்கும்.

தேதியை எங்கே பார்ப்பது

அளிக்கப்பட்ட நாளை வைத்து யார் முந்தியவர் என்று முடிவு செய்யாதீர்கள். முன்னுரிமைத் தேதிதான், அதாவது அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் விண்ணப்பித்த நாள்தான் கணக்கு. 5,143,854 அளிக்கப்பட்டது 1992 செப்டம்பர் 1. விண்ணப்பித்தது 1990 மார்ச் 7. ஆனால் (63) என்ற எண்ணுக்கு எதிரே பாருங்கள். அதற்கும் முன்னால் 1989 ஜூன் 7இல் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. இந்தக் குடும்பத்துக்கு அதுதான் பிறந்தநாள்.

அதற்கு முன்னால் யாரும் இல்லையா? ஆக்ஸ்ஃபோர்டில் எட்வின் சதர்ன் இருந்தார். குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டைக் கண்டுபிடிக்கும் ஆய்வக முறையை சதர்ன் ப்ளாட் என்று சொல்வார்களே, அதே சதர்ன். தகட்டின்மேல் ஒலிகோநியூக்ளியோடைடு வரிசைகளை அமைத்து எழுத்து வரிசையை ஆராயும் முறைக்கு அவர் பிரிட்டனில் விண்ணப்பித்தது 1988 மே 3. ஐரோப்பியக் காப்புரிமை எண் 0373203. அதற்கு இணையான அமெரிக்கக் காப்புரிமை 5,700,637 வெளிவந்ததோ 1997 டிசம்பரில்தான். அளிக்கப்பட்ட நாளைப் பார்த்தால் சதர்ன் ஐந்து வருடம் பின்னால் வந்தவர். முன்னுரிமைத் தேதியைப் பார்த்தால் ஒரு வருடத்துக்கு மேல் முந்தியவர். அவருடைய காப்புரிமையை வைத்திருந்த ஆக்ஸ்ஃபோர்ட் ஜீன் டெக்னாலஜி, அஃபிமெட்ரிக்ஸோடு மோதி 2001இல்தான் சமரசம் ஆனது. நோட்டில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் முன்னுரிமைத் தேதியைப் பெரிதாக எழுதி, அதன் வரிசையில் அடுக்குங்கள். கதை தானாகத் தெரியும்.

தேடும்போது

சொல்லை வைத்துத் தேடுவது பாதி வேலை. அர்ரே, சிப், பயோசிப், மேட்ரிக்ஸ், சப்போர்ட், சப்ஸ்ட்ரேட் என்று ஆளுக்கொரு சொல்லில் எழுதியிருப்பார்கள். வகைப்பாட்டுக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். அழித்து எழுதக்கூடிய நிரந்தர மெமரிக்கு ஜி11சி 16. ஒருமுறை மட்டும் எழுதுவதற்கு ஜி11சி 17. டிஎன்ஏ சிப்பை வைத்துச் சோதிக்கும் முறைகளுக்கு சி12க்யூ 1/6837. நோய்க்கான மரபணுச் சோதனைகளுக்கு சி12க்யூ 1/6883. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பேஸ்நெட் தளத்தில் குறியீட்டோடு ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுத்தால் குவியல் கையடக்கமாகிவிடும். நல்ல ஆவணம் ஒன்று கிடைத்துவிட்டால், அது மேற்கோள் காட்டிய பழையவற்றையும், பின்னால் அதை மேற்கோள் காட்டியவற்றையும் பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் வேண்டியது அங்கேதான் கிடைக்கும். இந்திய விண்ணப்பங்களுக்கு அரசின் இன்பாஸ் தளத்தில் தனியாகத் தேட வேண்டும்.

உயிரோடு இருக்கிறதா?

1995 ஜூன் 8க்கு முன் அமெரிக்காவில் விண்ணப்பித்த, அன்று நடப்பில் இருந்த காப்புரிமைக்கு, அளித்த நாளிலிருந்து 17 ஆண்டு அல்லது முதல் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டு, எது நீளமோ அது. 5,143,854க்குக் கணக்குப் போடுங்கள்: 1992 செப்டம்பரோடு 17ஐக் கூட்டினால் 2009 செப்டம்பர் 1, 1989 ஜூனோடு 20ஐக் கூட்டினால் 2009 ஜூன் 7. செப்டம்பர்தான் கடைசி. ஃப்ரோமனுடையது 1972 மே 2இல் அளிக்கப்பட்டது. பழைய 17 ஆண்டுக் கணக்கில் 1989 மே மாதமே முடிந்தது. இப்போது விண்ணப்பிப்பவற்றுக்கு 20 ஆண்டு. அதற்குள்ளும் கட்டணம் கட்டாவிட்டால் உரிமை போய்விடும். அமெரிக்காவில் மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் கட்ட வேண்டும். இந்தியாவில் மூன்றாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு ஆண்டுக்கும். கூகுள் காட்டும் நிலவரத்தை நம்பி முடிவெடுக்காமல், அந்தந்த நாட்டு அலுவலகத்தின் பதிவேட்டில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

நம் ஊரில் விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்க க்ளெய்மைப் பார்த்து அப்படியே எழுதிவிட முடியாது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(ஐ), மனிதர்களுக்கான நோயறியும் முறைகளுக்குக் காப்புரிமை தராது. பிரிவு 3(சி), இயற்கையில் இருப்பதைக் கண்டறிந்ததற்குத் தராது. ஆகவே ‘இந்த மரபணுப் பிழையைப் பார்த்து இந்த நோயைச் சொல்வது’ என்று எழுதினால் மாட்டிக்கொள்ளும். சிப்பின் அமைப்பு, அதைச் செய்யும் முறை என்று எழுதும்போது நிற்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவிலும் 2013இல் மிரியட் வழக்கில், இயற்கையாக இருக்கும் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்ததற்காக மட்டும் காப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரபணுச் சோதனை பற்றிய பழைய அமெரிக்கப் பேட்டன்டை மாதிரியாக வைத்துக்கொள்கிறவர்கள் அது 2013க்கு முந்தையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மெமரி சிப் வடிவமைப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சர்க்யூட் லேஅவுட்டுக்கென்றே 2000ஆம் ஆண்டு இயற்றிய தனிச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு. இதைப் பற்றித் தெரியாமலேயே பல மாணவர்கள் லேஅவுட்டைப் போஸ்டரில் போட்டுவிடுகிறார்கள்.

பேட்டன்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பு போஸ்டர், யூடியூப், கல்லூரிக் கண்காட்சி எதுவும் வேண்டாம். வெளிநாட்டில் முதலில் விண்ணப்பிக்க நினைத்தால் பிரிவு 39இன்படி இங்கே அனுமதி வாங்க வேண்டும். அல்லது இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கான அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். விண்ணப்பத்தை எழுதித் தரும் பேட்டன்ட் ஏஜென்ட்டைப் பார்க்கப் போகும்போது, அந்த ஆறு துண்டுக் கட்டத்தைப் போல உங்கள் கண்டுபிடிப்புக்கும் ஒன்று போட்டு, உங்களுக்கு முந்தைய மூன்று நெருங்கிய ஆவணங்களைப் பக்கத்து வரிசைகளில் நிரப்பி எடுத்துப் போங்கள். எந்தத் துண்டு உங்களுடையது மட்டும் என்பதை வட்டமிட்டு வைத்திருந்தால், ஏஜென்ட் அங்கிருந்தே க்ளெய்ம் எழுதத் தொடங்கிவிடுவார்.